கைக்கு எட்டும் கார்: ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஓராண்டு ஓட்டிய பிறகு

முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்க முடிகிற கார் ஒன்று உண்டு என்று சென்ற ஆண்டு தை மாதத்துக்கு முன் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானட் மற்ற கார்களைப் போல ஒரு மூடி அல்ல. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளை விடுவித்து இழுத்தால், இரண்டு மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்த முழு முகப்பும் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடுகிறது. அதன் பிறகு இன்ஜின், கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் தட்டில் வைத்த பலகாரம் போல் கண்முன் இருக்கும். டயர் நல்ல உயரத்தில் ஒரு முக்காலியாக அமைந்துவிடுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே பழைய கார் வாங்க நினைக்கும் புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். மற்றபடி அவர்களை எச்சரிக்க வேண்டிய இடங்களும் பல உள்ளன.

நான் வாங்கியது நான்கு கதவு கொண்ட மார்க் 3. எங்கள் குடும்பத்தில் யாரிடமும் ஹெரால்டு இருந்ததில்லை. சிறுவயதில் அதில் ஏறிப் போன நினைவும் எனக்குக் கிடையாது. ஆகவே இது பாசத்தில் எழுதும் மதிப்புரை அல்ல. பத்தாண்டுகள் கியர் மாற்றத் தேவையில்லாத சிறு கார் ஒன்றை ஓட்டிப் பழகிய ஒருவர், மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலையில் ஒரு பழைய வண்டியை வாங்கி, முதல் ஆண்டில் அதன்மீது மேலும் ஒன்றே முக்கால் லட்சம் செலவழித்த பின் எழுதுவது.

வண்டியின் குணத்தைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959இல் இது வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இதற்கு மட்டும் தனிச் சேஸிஸ் போட்டு, அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாக போல்ட் வைத்து முடுக்கினார்கள். காரணம் எளியது. உடல் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், பல சிறிய ஆலைகளில் துண்டுகளாகச் செய்வித்துச் சேர்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த நெருக்கடியில் பிறந்த அமைப்பு, பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டுவதற்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. நான்கு கதவு உடல் நம் ஊரில் மட்டுமே உருவானது. பிறந்த நாட்டில் ஹெரால்டுக்கு என்றும் இரண்டு கதவுதான். அந்த ஆலை இருந்த பெருங்களத்தூரில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. நான் தாம்பரத்தில் வசிப்பதால், வண்டி பிறந்த இடத்தின் வாசலை வாரம் ஒரு முறையாவது கடந்து போகிறேன்.

இனி ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 948 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின், இன்றைய கணக்கில் மிகச் சிறிய பலம் கொண்டது. காலையில் சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் குமிழ்) முழுவதும் இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் கொடுத்தால் இரண்டாவது முயற்சியில் எடுத்துவிடும். எடுத்த கையோடு சோக்கை உள்ளே தள்ளிவிட்டால் தெருமுனையில் நின்றுவிடும். தள்ளாமலே விட்டுவிட்டால் பெட்ரோல் வாடையும் கரும்புகையுமாக அண்டை வீட்டாரின் முகச்சுளிப்பைச் சம்பாதிக்க வேண்டியிருக்கும். இன்ஜினின் ஒலியைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு விரற்கடையாக உள்ளே விட வேண்டும். இந்தப் பழக்கம் எனக்குக் கைவர மூன்று வாரங்கள் ஆயின.

அதைவிடக் கடினமானது முதல் கியர். இந்தக் கியர் பாக்ஸில் இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றுக்கு மட்டுமே சின்க்ரோமெஷ், அதாவது கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு, உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ஆகவே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு மாற்ற முயன்றால், வேறுபட்ட வேகத்தில் சுழலும் பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று கடித்துக் கத்தும். வேகத்தடைக்கு வேகத்தடை முதல் கியருக்கு இறங்கும் நம் ஊர்ப் பழக்கத்தோடு இது ஒத்துப்போவதில்லை. என் கியர் பாக்ஸ் முதல் மாதத்தில் எழுப்பிய சத்தத்தைக் கேட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரோம்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவர்தான் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். "சார், வண்டி நின்னப்புறம்தான் ஃபர்ஸ்ட். அதுவரைக்கும் செகண்டுலயே ஊரட்டும், இன்ஜின் தாங்கும்" என்றார். "மேட்டுல என்னண்ணே பண்றது?" என்று கேட்டபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து டபுள் கிளட்ச் பழக்கிவிட்டார்.

டபுள் கிளட்ச் என்பதை எழுத்தில் படித்தால் பூதாகரமாகத் தெரியும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். கிளட்சை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டி இன்ஜின் வேகத்தைத் தூக்க வேண்டும். அந்த வேகம் விழுவதற்குள் மீண்டும் கிளட்சை மிதித்து முதல் கியருக்குத் தள்ள வேண்டும். சரியாக அமைந்தால் கைப்பிடி வெண்ணெயில் கத்தி போல் இறங்கும். கை எந்த எதிர்ப்பையும் உணராது. எனக்கு முதல் முறை அப்படி இறங்கியது தாம்பரம் சானடோரியம் பாலத்தின் மேட்டில். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை; ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். இந்தக் காரில் எனக்குக் கிடைத்த இன்பங்களில் அதற்கு ஈடான ஒன்றை இன்னும் காணவில்லை.

ஸ்டீயரிங் இந்த வண்டியின் மிகச் சிறந்த பகுதி. ரேக் அண்ட் பினியன் அமைப்பு, பவர் உதவி ஏதுமில்லை, ஆனாலும் உருளத் தொடங்கியவுடன் ஒரு விரலுக்கு அடங்கும் லேசு. முன் சக்கரங்கள் நம்ப முடியாத கோணத்துக்குத் திரும்புகின்றன. முழு வட்டம் அடிக்க 25 அடி விட்டம் போதும். இன்றைய சிறிய கார்களுக்கே 30 அடியளவு தேவைப்படுகிறது. இருபுறமும் இருசக்கர வண்டிகள் நிற்கும் எங்கள் தெருவில், என் புதிய கார் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில், ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறது. தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவர் கைதட்டியே விட்டார்.

இனிப் பிரேக்கைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லை, ஒரே ஹைட்ராலிக் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்குமே போய்விடும்; பிறகு கைப்பிரேக் ஒன்றுதான் துணை. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கையை ஒதுக்கிவைத்து, மிதித்தால் வண்டி நிற்கத் தொடங்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் நடுவே நாம் பத்திரமாகக் காக்கும் இடைவெளியை ஒரு ஆட்டோ வந்து நிரப்பும். மறுபடியும் இடைவெளி விட்டால் இன்னொரு ஆட்டோ வரும். இதற்கு மனம் பழகாதவர்கள் இந்தக் காரை நெரிசல் நேரத்தில் வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. வாங்கிய முதல் வாரமே மாஸ்டர் சிலிண்டரையும் எல்லா வீல் சிலிண்டர்களையும் பிரித்து ரப்பர்களை மாற்றி, பிரேக் ஷூவுக்குப் புது லைனர் ஒட்டினேன். பெயின்ட் அடிப்பதையும் சீட் தைப்பதையும் இதற்குப் பிறகே யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. முன் சீட்டுகளுக்கு பெல்ட்டும் நானே பொருத்திக்கொண்டதுதான்.

பின் சஸ்பென்ஷனைப் பற்றிப் படித்துப் பயந்துபோய்ப் பலர் ஹெரால்டை வேண்டாம் என்கிறார்கள். பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்து அசையும் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு இது; குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்குகிறது. திருப்பத்தில் வேகமாக நுழைந்து, பயந்து, நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்பக்கம் எழும்பும். வெளிச் சக்கரம் காலை மடக்குவது போல உள்ளே சரியும். பிடி போய் வண்டி சுழலக்கூடும். இது உண்மைதான். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ஒருவர், வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி திரும்பினால் இந்தக் குறையை வாழ்நாளில் காணமாட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை அதிகாலையில் பலமுறை போய்வந்தேன். ஒருமுறைகூட வால் ஆடவில்லை. அந்த வேகத்தில் வண்டி இசைவாகவும் ஓடுகிறது. 80ஐத் தாண்டினால் காற்றும் இன்ஜினும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் பேச்சு நின்றுவிடும்.

நான் உண்மையில் பயந்தது வேறோர் இடத்தில். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரையாக வெட்டப்பட்டு, ட்ரன்னியன் எனப்படும் பித்தளை நிறக் கட்டை ஒன்றுக்குள் திருகியபடி நிற்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுழல்கிறது. இதற்குக் கியர் ஆயில், அதாவது இ.பி. 90, கன் மூலம் ஏற்ற வேண்டும். கிரீஸ் அடிக்கவே கூடாது. என் வண்டியில் முந்தைய பட்டறை ஒன்று ஆண்டுக்கணக்கில் கிரீஸ் அடித்திருந்தது. அடைப்பைத் திருகி எடுத்தபோது உள்ளே இருந்தது பசையாக இல்லை. கிண்டிவிட்டு மறந்துபோன கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடந்தது. வளைத்த கம்பியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். கிரீஸ் கெட்டியானால் மரைக்குள் இறங்காது. மழைநீர் மட்டும் இறங்கும். தண்டு துருப்பிடித்து ஒரு நாள் முறியும். சக்கரம் அப்படியே வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். இடது பக்கத் தண்டின் மரையில் ஏற்கெனவே துரு கடித்த பள்ளம் இருந்தது. அதை மாற்றினேன். வலது பக்கத்தைச் சுத்தம் செய்து, மேல்முனையில் பொன்னிறமாக ஆயில் கசியும்வரை ஏற்றினோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே செய்கிறேன்; பானட்டைக் கவிழ்த்து டயர் மேல் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கால் மணி நேர வேலை. ஹெரால்டு வாங்குபவர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ட்ரன்னியனுக்கு என்ன போட்டீர்கள் என்பதே. "கிரீஸ்" என்று பெருமையோடு பதில் வந்தால் விலையில் இருபதாயிரத்தைக் குறைத்துக் கேளுங்கள்.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட இன்ஜின் இது. 2000ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் அது நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் கடும் வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயும் என்பதால், அடுத்த முறை இன்ஜின் ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட்டுகள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். அதைவிட உடனடியானது எத்தனால். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃபிரத்தையும் மெல்ல அரிக்கிறது. எல்லாக் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

மே மாதத்தில் ஒரு பகல், பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் உறிஞ்ச ஒன்றுமில்லாமல் போவது. வண்டியை ஓரமாகத் தள்ள இரண்டு லாரி கிளீனர்கள் உதவினார்கள். பானட்டைக் கவிழ்த்து, குடிநீர் பாட்டிலைக் கவிழ்த்துத் துண்டை நனைத்து, பம்பின் மேல் சுற்றினேன். பிறகு பம்பின் அடியில் இருக்கும் சிறு நெம்புகோலைக் கையால் அடித்து அடித்துப் பெட்ரோலை ஏற்றினேன். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பியது. "இதுக்கு மாட்டு வண்டியே வாங்கியிருக்கலாமே, அதுக்கும் இப்படித்தான் தண்ணி காட்டணும்" என்றார் என் மனைவி. அவர் சொன்னதில் குறை காண முடியவில்லை. குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, வெப்பம் தடுக்கும் உறை போட்ட பிறகு அந்தச் சிக்கல் திரும்பவில்லை. இருந்தாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் பதினொரு மணிக்கு மேல் வண்டியை எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஏ.சி. இல்லாத காரில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பதும் இன்பமான செயல் அல்ல.

வாராந்திரப் பராமரிப்பு எனக்குத் தொல்லையாக இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்ட்டை எம்ரித்தாளால் ஒரு முறை தேய்த்து, 15 தவ் (0.015 அங்குலம்) இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபார்ப்பது, ஆயில் அளவு பார்ப்பது, ஆறிய ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது ஆகியவற்றுக்கு அரை மணி நேரம் போதும். இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50 எந்தக் கடையிலும் கிடைக்கும். வெப்பமானி என் வண்டியில் இல்லாததால் தனியாக வாங்கிப் பொருத்தினேன். தாம்பரம் சிக்னலில் நிற்கும் ஒருவருக்கு அது ரேடியோவைவிட அவசியம். மைலேஜ் என் கையில் லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை, விசித்திரமான நிலை ஒன்று உண்டு. இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன; டிரையம்பின் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே சேஸிஸ் வழிவந்தது என்பதால் அவற்றுக்குத் தேவை குறையவில்லை. சுங்க வரியும் அஞ்சல் செலவும் கட்டி வரவழைக்கலாம். ஆனால் சென்னையிலேயே பிறந்த நான்கு கதவு உடலின் பின்கதவோ அதன் கண்ணாடியோ உலகில் எங்கும் கிடைப்பதில்லை. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்து பின்கதவுக் கைப்பிடி ஒன்று கண்டெடுத்தேன்; கடைக்காரர் அதை வேறொரு காரின் பாகம் என்று எண்ணி நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். ரப்பர் பீடிங், ஒயரிங் போன்றவற்றுக்கு சென்னை ஜி.பி. ரோட்டின் கடைகள் போதும்.

பதிவு விஷயத்தில் ஒரு முடிவை முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களை விண்டேஜ் பிரிவில் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. எனக்கு ஓட்டுவதுதான் நோக்கம் என்பதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கும் பழைய வழியிலேயே இருக்கிறேன். 20 ஆண்டு கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடரா, பத்மினியா, ஹெரால்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தோடு வெளியூர் போகவும், வழியில் எந்த ஊரில் நின்றாலும் ஒரு மெக்கானிக் கிடைக்கவும் வேண்டுமென்றால் அம்பாசடரை வாங்குங்கள். ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் மாற்றும் சுகம் வேண்டுமென்றால் பத்மினி. வண்டி எப்படி ஓடுகிறது என்பதைத் தன் கையாலேயே தொட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும், முதல் முறையாகப் பழைய கார் வாங்கும் ஒருவருக்கு ஹெரால்டுக்கு நிகராக மற்ற இரண்டையும் சொல்ல மாட்டேன்.

பார்க்கப் போகும்போது பெயின்ட்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கதவுக்கும் நடுத்தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இல்லாவிட்டால் சேஸிஸ் தொய்ந்திருக்கக்கூடும். அப்படித் தொய்ந்திருந்தால், உடலில் எவ்வளவு டிங்கரிங் செய்தாலும் அது சரியாகாது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் உடலின் ஓரங்களைச் சுமக்கின்றன. கடற்காற்று முதலில் தின்பது அவற்றையே; கறுப்புப் பெயின்ட்டைக் கனமாகப் பூசி அதை மறைப்பார்கள். டிக்கியின் தரையையும் கதவுகளின் அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள். அங்கே பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. ஆகவே ஒரு சிறு காந்தம், ஒரு டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், தரையில் படுத்து எழுந்தால் வீட்டில் திட்டு வாங்கித் தராத ஒரு பழைய சட்டை ஆகியவற்றோடு போங்கள்.